ஒரே ஒரு ஆளைத்தான் கேட்டேன்

ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் என் அப்பாவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் அங்கே இருக்கக் கூடாது. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லும் இந்தச் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் அமலா. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா டிப்பர் லாரி டிரைவர். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போய் சிமெண்ட் ஆலையில் கொட்டுவது அவர் வேலை. அம்மா வயல் வேலைக்குப் போவார். நான் ஒரே பிள்ளை. அரியலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான்.

நான் மூன்றாம் வருடத்துக்கு வந்த சமயத்தில் லோடு குறைய ஆரம்பித்தது. தினமும் நான்கு நடை ஓடிய வண்டி இரண்டு நடை ஓடியது. பிறகு வாரத்தில் பாதி நாள் நின்றது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. திருப்பூருக்குப் போன பிள்ளைகள் வேலை இல்லாமல் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் விலைவாசியைப் பற்றியே பேசினார்கள், மீதிப் பேர் பேசுவதையே விட்டுவிட்டார்கள். எங்கள் வீடு இரண்டாவது ரகம். ஞாயிற்றுக்கிழமை கறி நின்றது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா குழம்பில் உருளைக்கிழங்கு போட்டார், அப்பா நன்றாக இருக்கிறது என்றார், நானும் நன்றாக இருக்கிறது என்றேன்.

அந்தப் புதன்கிழமை ஆய்வக வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஜெயங்கொண்டம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை. பக்கத்தில், அம்மா விடியற்காலையில் கட்டிக்கொடுத்த டிபன் கேரியர். யாரோ போட்டுவிட்டுப் போன செய்தித்தாளை மடியில் விரித்து வைத்திருந்தார். வெகுநேரம் பார்த்தேன். அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

போய்ப் பேசியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு ஜூஸ் கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். என் பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. பன்னிரண்டரைக்கு அவர் கேரியரைத் திறந்து சாப்பிட்டார். குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தார். "இன்னைக்கு ரெண்டு நடைதான் ஓடுச்சு. ஆலையில வண்டி லைன் கட்டி நிக்குது" என்று அம்மாவிடம் சொன்னார்.

"கை கால் கழுவிட்டு வாங்கப்பா. டீ போடுறேன்" என்றேன் நான்.

அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அது யாருக்காகச் சொன்ன பொய் என்றும் தெரியும். அதுதான் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வரும். ஒரே பக்கத்தை ஐந்து தடவை படிப்பேன், என்ன படித்தேன் என்று கேட்டால் தெரியாது. ஆய்வகத்தில் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும்போது கவனம் நழுவும். ஒரு சொட்டில் இளஞ்சிவப்பாக மாற வேண்டிய கரைசல், நான் திருகை மூடுவதற்குள் அடர்ந்த சிவப்பாகப் போய்விடும். மறுபடி செய்வேன், மறுபடியும் அப்படியே. இன்டர்னல் பரீட்சையில் இரண்டு பாடத்தில் போய்விட்டது. எனக்கு எப்போதும் பிடித்த இரண்டு பாடங்கள்.

ஜெபம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். ஜெபமாலை கையில் நகரும். மனம் வேறெங்கோ நிற்கும். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்த பிறகுதான், ஒரு மணியைக்கூட நான் சொல்லவில்லை என்று தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டம். திடீரென்று மூச்சு உள்ளே போகவில்லை. நெஞ்சு இடித்த இடியில் காது அடைத்துவிட்டது. விரல்கள் மரத்துப்போயின. நான் சாகப்போகிறேன் என்று நூற்றுக்கு நூறு நம்பினேன். யாரோ ஓர் அக்கா என்னைத் தாங்கிப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைத்தார். கண்டக்டர் விசில் அடித்து, அரசு மருத்துவமனை வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொன்னார்.

ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. இளவயது டாக்டர் ஒருவர், ஒரு பெண்மணி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதயம் நல்லாருக்கும்மா. இது பேனிக் அட்டாக். மனசு தாங்க முடியாதத உடம்பு தாங்கப் பாக்குது, அவ்வளவுதான். நீ நடிக்கல, அது எனக்குத் தெரியும். வூட்ல ஏதாச்சும் கஷ்டமா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"படிப்புல?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மனநலப் பிரிவு, வெள்ளிக்கிழமை காலை என்று இருந்தது. அதற்குள் தகவல் கிடைத்து, நடவு வயலிலிருந்து சேற்றுக்காலோடு அம்மா ஓடி வந்திருந்தார். சீட்டை நர்ஸ் வாசித்துச் சொன்னதும் அவர் முகம் வெளிறிப்போனது.

"ஏண்டி, பைத்தியம்னா எழுதிக் குடுத்திருக்காங்க?" என்று வெளியே வந்ததும் என் காதில் கேட்டார். "யாருகிட்டயும் சொல்லிடாத. ஒரு பொட்டப்புள்ளைக்கு இப்படி ஒரு பேரு வந்தா என்னாகும்? அப்பாகிட்டயும் சொல்ல வேணாம், இருக்குற கஷ்டத்துல அதையும் சேத்து நெனச்சுக்கிட்டுக் கெடப்பாரு. மாதாகிட்ட போவோம். அவ பாத்துக்குவா."

அம்மாமேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. அந்தச் சனிக்கிழமை காலைப் பூசைக்கு ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார். பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அம்மா மெழுகுவர்த்தி ஏற்றப் போனார். நான் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். எனக்குத் தெரிந்த எந்த மன்றாட்டும் வாயில் வரவில்லை. கடைசியில் எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டேன்.

"தாயே, நான் வேலை கேக்கல. மார்க்கும் கேக்கல. என் தலைக்குள்ள இருக்குறத வெளிய கொட்ட முடியல. உங்க மகன்கிட்ட சொல்லி ஒரே ஒரு ஆள அனுப்புங்க. புத்தி சொல்ல வேணாம். சும்மா பக்கத்துல உக்காந்து கேட்டாப் போதும்."

அழுகைகூட வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடத்தும் சிஸ்டர் என் கையைப் பிடித்து, "எப்படி இருக்க அமலா, எளச்சுப் போயிட்டியே?" என்று கேட்டார். "நல்லாருக்கேன் சிஸ்டர், பரீட்சை வருதுல்ல" என்று சிரித்துவிட்டு வந்தேன். வாசல்வரை வந்த உதவியை நானே திருப்பி அனுப்பினேன் என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன். அன்றைக்கு, ஆண்டவர் என் பேச்சைக் கேட்கவில்லை என்று மட்டும் நினைத்தேன்.

அதனால் நானே ஒரு முடிவு எடுத்தேன். எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்கு அருகே செல்போன் கம்பெனிகளுக்குப் பெண்கள் வேலைக்குப் போவார்கள். திங்கட்கிழமை வேன் வரும், சான்றிதழ்களோடு ஏறிக்கொள்ளலாம் என்று பக்கத்துத் தெரு அக்கா சொன்னார். கம்பெனி வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. என் பெரியப்பா பெண்கள் இரண்டு பேர் அதில்தான் தங்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் அவர்கள் வேலைக்குப் போனார்கள். நான் ஓடிப்போக இடம் தேடினேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள் கல்லூரி ஆபீஸில் இருந்தன. வெள்ளிக்கிழமை கேட்கப் போனேன். "ரெண்டு மணிக்கு மேல வாம்மா" என்றார்கள். மணி ஒன்று ஆகியிருந்தது. யாரையும் பார்க்கப் பிடிக்காமல், வேதியியல் கட்டடத்துக்குப் பின்னால் ஆள் போகாத தாழ்வாரத்துக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.

வினோதினி. எங்கள் வகுப்பில் முதல் மாணவி. விக்கிரமங்கலத்திலிருந்து வருகிறவள். தலை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கும், நோட்டுக்கு அட்டை போட்டிருப்பாள், கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வாள். மூன்று வருடத்தில் நாங்கள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவள் தரையில் உட்கார்ந்து தன் ஆய்வகப் பதிவேட்டை ஒவ்வொரு தாளாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. ஒரு தாளைக் கிழிப்பாள், அதை நான்காகக் கிழிப்பாள், அடுத்த தாளுக்குப் போவாள்.

"வினோ, என்ன பண்ற?"

"போயிடு அமலா."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. எரிச்சல். ஆண்டவரே, நான் பேச ஓர் ஆளைக் கேட்டேன், நீர் நொறுங்கிக் கிடக்கிற ஓர் ஆளைக் காட்டுகிறீரே, எனக்கு இதற்கெல்லாம் தெம்பு ஏது என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன். திரும்பி நடந்தேன். ஐந்தாறு எட்டு வைத்திருப்பேன். அதற்கு மேல் கால் வரவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"நேத்து?"

குனிந்து இன்னொரு தாளைக் கிழித்தாள். என் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தேன். தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய். நான் ஒரு வாய் எடுத்த பிறகு அவளும் எடுத்தாள். நான்காவது வாயில் உடைந்து அழுதாள்.

அவள் வீட்டில் பருத்தி மழையில் நனைந்து வீணாகிவிட்டது. அண்ணன் வேலை போய் ஊருக்கு வந்துவிட்டான். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: வினோ படித்து முடித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

"யாரும் என்னைய திட்டல அமலா. திட்டுனா பரவால்ல. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. புக்க தொறந்தா எழுத்து தெரியல, அவங்க மூஞ்சிதான் தெரியுது. நேத்து மாடல் எக்ஸாம்ல ஒரு வரி எழுத முடியல. வெறும் பேப்பர குடுத்துட்டு வந்துட்டேன். நான்! வெறும் பேப்பர்!" கிழித்த துண்டுகளை ஒன்றாகக் குவித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்கு வூட்டுக்குத் திரும்பிப் போற எண்ணத்தோட நான் வரல."

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஜெபம் பண்ணு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அது அவளைத் தள்ளிவிடுவது போல இருந்தது. அதனால் எனக்கு நடந்ததைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்ட், பெஞ்ச், ஜூஸ் கடை, பஸ்ஸில் நின்றுபோன மூச்சு, திங்கட்கிழமை வேன், எல்லாம். ஒருவரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் அழுகை வந்தது. மாதாவுக்கு முன்னால் வராத அழுகை.

"உனக்குமா?" என்றாள் வினோ. "நான் மட்டும்தான்னு நெனச்சேன்."

கைக்குட்டை எடுக்கப் பையைத் துழாவினேன். ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் வந்தது. வினோ அதை வாங்கிப் படித்தாள். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான், ஆனால் காலை நேரம் தாண்டிவிட்டது.

"அடுத்த வெள்ளி நானும் வரேன்" என்றாள். "தனியா போகாத."

ஆபீஸில் இரண்டு மணி எப்போது ஆனது என்று தெரியாது. நான் போகவில்லை. அவளை விட்டு எழுந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. அவளிடம் கேட்டுக்கொண்டு, எங்கள் வகுப்பு ஆசிரியையிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அவள் தோளை அணைத்துக்கொண்டார். "பேப்பர் போனா போகுது. நீ இருக்கணும்" என்றார். அவள் அம்மாவுக்குப் போன் போட்டார். நானும் அவளோடு விக்கிரமங்கலம் பஸ்ஸில் ஏறினேன். நிறுத்தத்தில் அவள் அம்மா நின்றிருந்தார். மகளைக் கட்டிக்கொண்டு, "எங்கள பாக்காத சாமி. நீ எங்க கண்ணு முன்னாடி இருந்தாப் போதும்" என்று அழுதார். அதன் பிறகு அவளை அவர்கள் தனியாக விடவில்லை.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஒன்று உறைத்தது. வினோவைப் பேசச் சொன்ன நான், என் வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். மனத்துக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டுப் பேசினேன்.

"அப்பா, உங்கள பஸ் ஸ்டாண்ட்ல பாத்தேன்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "எப்ப பாப்பா?"

"ஒரு மாசம் ஆவப்போவுது."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

தலையாட்டினேன். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். என் அப்பா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. அப்போது அம்மா, மடித்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எனக்கும் தெரியும்."

இருவரும் அவரைப் பார்த்தோம்.

"சட்டையில தூசியே இல்லயே. இத்தன வருஷமா சுண்ணாம்புத் தூசிய அடிச்சுத் தொவைக்கிறவ நான். தெரியாமயா போவும்? சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் மற்ற இருவரையும் காப்பாற்றுவதாக நினைத்துத் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்தோம். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி வண்டியை விற்றுவிட்டார். பெரம்பலூரிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிப் போகும் மினி லாரிக்கு ஆள் கேட்டார்களாம். இத்தனை வருடம் டிப்பர் ஓட்டியவன் சின்ன வண்டி ஓட்டுவதா, சம்பளம் குறையும் என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று போகாமல் இருந்திருக்கிறார்.

நானும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டு, போன பாடங்கள், திங்கட்கிழமை வேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேலைக்குப் போறதுன்னா போ பாப்பா, நான் தடுக்கல. ஆனா எங்களுக்குப் பயந்துகிட்டுப் போகாத. எனக்காகப் படிப்ப விடாத. அத நான் தாங்க மாட்டேன்."

அம்மா எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். என்னைய மன்னிச்சிரு தாயி" என்றார். அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். என்ன குழம்பு என்று நினைவில்லை. நிறையச் சாப்பிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை வேன் வந்தது. நான் ஏறவில்லை. அதே காலையில் அப்பா வெங்காய லாரிக்குப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வினோவும் அவள் அம்மாவும் நானும் என் அம்மாவும் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரே தம் மனைவியோடு அதே வரிசையில் வந்து உட்கார்ந்தார். அம்மா முக்காட்டை எடுத்துவிட்டு அந்தப் பெண்மணியோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வரிசையில்தான் வினோவிடம் சொன்னேன். "நான் மாதாகிட்ட ஒரே ஒரு ஆள அனுப்பச் சொல்லிக் கேட்டேன். நீ வந்து நின்ன."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"நான் எங்க வந்தேன்? நீதானே வந்த?" என்றாள். "அன்னைக்குக் காலைல எங்க ஊரு மாரியம்மன் கோயில் வாசல்ல நின்னு, கடைசியா ஒரு தடவ கேட்டுட்டு வந்தேன். 'யாராச்சும் ஒருத்தர் எங்கிட்ட சாப்ட்டியான்னு கேக்கட்டும் தாயி, அது போதும்'னு."

என் உடம்பு சிலிர்த்தது. அத்தனை நாளும், என் ஜெபத்துக்கு எப்போது பதில் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இன்னொருத்தியின் ஜெபத்துக்குப் பதிலாக நடத்திச் செல்லப்பட்டேன் என்பது எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு என் கால் ஏன் திரும்பியது என்று இப்போது புரிகிறது. அவளும் நானும் வேறு வேறு வாசலில் நின்று கூப்பிட்டோம். கேட்டவர் எங்கள் இருவரையும் ஒரே தாழ்வாரத்தில் உட்கார வைத்தார். இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு அறிவு போதாது. நன்றி சொல்ல மட்டும் தெரிகிறது.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வினோவுக்குச் சில மாதம் மாத்திரை தேவைப்பட்டது. எனக்கு மாத்திரை இல்லை, வாரா வாரம் பேச வரச் சொன்னார்கள். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார்கள். ஒரு நாளைக்குள் முடிக்க முடிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுது, மீதியை நாளைக்கு விடு என்றார்கள். கேட்கும்போது, இவ்வளவுதானா என்று இருந்தது. ஆனால் செய்து பார்த்தேன். மதியம் நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் பத்து நிமிடம் மனத்தில் உள்ளதைப் பேசுவோம், பிறகு முக்கால் மணி நேரம் படிப்போம், பிறகு மைதானத்தை ஒரு சுற்று நடப்போம். அவள் எனக்கு வேதிவினைகள் படிப்படியாக நடக்கும் முறைகளைச் சொல்லிக் கொடுத்தாள். நான் அவளை வற்புறுத்திச் சாப்பிட வைத்தேன். எங்களைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். விசாரித்தால் அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கதை. சிரித்துக்கொண்டு திரிந்த வகுப்பு அது. எவ்வளவு மூடி வைத்திருந்தோம்!

அந்த செமஸ்டரில் எனக்கு ஒரு பாடம் போனது. அடுத்த முறை எழுதித் தேறினேன். வினோவுக்கு முதலிடம் போய்விட்டது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மூணாவது" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அந்த மாதிரி வாய்விட்டுச் சிரித்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இப்போது நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். காலம் இன்னும் சரியாகிவிடவில்லை. வெங்காய விலை விழுந்தால் அப்பாவுக்கு வண்டி இல்லை. ஆனால் வண்டி இல்லாத நாளில் அவர் வீட்டில் இருக்கிறார், அம்மாவோடு சேர்ந்து வயலுக்குப் போகிறார். போன மாதம்கூட எனக்கு ஒரு தரம் பஸ்ஸில் அந்த மூச்சுத் திணறல் வந்தது. இறங்கி நிழலில் உட்கார்ந்தேன், மூச்சை எண்ணி எண்ணி விட்டேன், இயேசுவே என் பக்கத்தில் இரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், வினோவுக்குப் போன் போட்டேன். போய்விட்டது.

இதை வாசிக்கும் தம்பி, தங்கை யாராவது என் நிலைமையில் இருந்தால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜெபியுங்கள். ஆண்டவர் கேட்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யாராவது வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், நல்லாருக்கேன் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவரை யார் அனுப்பினார் என்று உங்களுக்குத் தெரியாது. டாக்டரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மாதா என்னை ஆஸ்பத்திரி வாசல்வரை கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். பெற்றோரே, உங்கள் கஷ்டத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதீர்கள். அவர்களுக்குத் தெரியும். தெரிந்து, உங்களுக்காக மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்று காலைப் பூசையில், இதை வாசிக்கப்போகிற உங்களுக்காக மன்றாடிவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும் என்று சொல்லி, அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.